தகப்பன் பெயர் இல்லாத மகன்: மர்யமின் கதையை முஸ்லிம்கள் எப்படியெல்லாம் வாசித்தார்கள்?

மார்கழி வந்தால் யாழ்ப்பாணத்தில் பாலன் குடில் கட்டாத சந்தி குறைவு. ஆவணியில் மடுத் திருவிழாவுக்கு சைவக்காரரும் வான் பிடிச்சுப் போவினம். அந்த வகையில் மரியாள் எங்களுக்குப் புதிய ஆள் இல்லை. ஆனால் அதே மரியாளின் பெயரில் குர்ஆனில் ஒரு முழு அத்தியாயமே இருக்குது என்று எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் அவர்தான். மர்யம் என்ற பெயர் அதில் 34 இடங்களில் வருகிறது.

இந்தக் கட்டுரை அந்த மர்யம் பற்றியது. சரியாகச் சொன்னால், ஆண் துணை இல்லாமல் அவர் பிள்ளை பெற்றார் என்ற கதையை முஸ்லிம் அறிஞர்கள் ஆயிரம் வருசத்துக்கு மேலாக எப்படி எப்படி வாசித்தார்கள் என்பது பற்றியது. "முஸ்லிம்கள் இப்படித்தான் நம்புவினம்" என்று ஒரே வரியில் முடிக்கிற பழக்கம் எங்களிட்ட நிறைய இருக்கு. அந்த வரி எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

முதலில் கதை. 19ஆம் அத்தியாயத்துக்குப் பெயரே மர்யம். 98 வசனங்கள். அதில் மர்யம் தன் வீட்டாரை விட்டு கிழக்குப் பக்கமாக ஓரிடத்துக்கு ஒதுங்கிப் போகிறார். மனித உருவில் ஒரு ஆவி வந்து, உனக்கு ஒரு மகன் பிறப்பான் என்கிறது. எந்த ஆணும் என்னைத் தொட்டதில்லையே என்கிறார் மர்யம். இறைவனுக்கு அது இலேசான காரியம் என்று பதில் வருகிறது. பிறகு பிரசவ வலி. ஒரு பேரீச்ச மரத்தடி. பக்கத்தில் ஒரு சனமும் இல்லை. இதற்கு முன்னமே செத்திருக்கலாமே என்று அந்தப் பெண் புலம்புகிற இடமும் வருகிறது. கீழே நீரோடை இருக்கு, மரத்தை உலுக்கு, பழம் விழும் என்று ஒரு குரல் ஆறுதல் சொல்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வரும்போது ஊர்ச்சனம் பழி சொல்கிறது. மர்யம் வாய் திறக்காமல் பிள்ளையைக் காட்டுகிறார். தொட்டில் பிள்ளை பேசுகிறது.

இதில் மாட்டுத் தொழுவம் இல்லை, மூன்று ராசாக்கள் இல்லை. முக்கியமாக யோசேப்பு இல்லை. எங்கட தமிழில் வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் பாடிய தேம்பாவணிக்கு யோசேப்புதான் பாட்டுடைத் தலைவன். குர்ஆனிலோ அவர் பெயர் ஒரு இடத்திலும் வராது. பிற்காலப் பிரச்சினைகளில் பாதி இந்த வெற்றிடத்தில் இருந்துதான் தொடங்குது.

இன்னொரு விசயம், இந்தக் கதை முஸ்லிம்களுக்குள் மட்டும் சொல்லப்பட்ட கதை இல்லை. நபிகளாரின் வரலாற்றை எழுதிய இப்னு இஸ்ஹாக் சொல்வதன்படி, 615ஆம் ஆண்டளவில் மக்காவில் துன்புறுத்தப்பட்ட ஒரு சிறு கூட்டம் கடல் தாண்டி அபிசீனியாவுக்கு (இன்றைய எத்தியோப்பியப் பக்கம்) அகதியாகப் போனது. அங்கே ஆண்டது கிறிஸ்தவ மன்னன். உங்கட வேதத்தில் என்ன இருக்கு என்று அவன் கேட்க, ஜஃபர் என்பவர் ஓதிக் காட்டியது இந்த மர்யம் அத்தியாயத்தைத்தான். மன்னன் அழுதான், அகதிகளைத் திருப்பி அனுப்ப மறுத்தான் என்கிறது அந்த வரலாறு. அகதியாகப் போன இடத்தில் அடைக்கலம் வாங்கித் தந்த கதை இது.

சரி, பழைய உரைகாரர்களிடம் வருவோம். தபரீ (இறப்பு 923), ஸமக்ஷரீ (1144), ராஸீ (13ஆம் நூற்றாண்டின் தொடக்கம்), இப்னு கஸீர் (1373) என்று பெரிய தப்ஸீர்காரர்கள் எல்லோரும் ஈஸாவுக்குத் தகப்பன் இல்லை என்பதில் ஒரே குரல். ஆனால் "எப்படி" என்று கேட்டவுடனே குரல்கள் பிரியுது.

வந்த அந்த ஆவி யார்? பெரும்பாலானவர்கள் ஜிப்ரீல் என்ற வானவர் என்றார்கள். ஈஸாவின் ஆவியே அது என்று சொன்னவர்களும் உண்டு. ஊதப்பட்டது எங்கே? 21ஆம் அத்தியாயமும் 66ஆம் அத்தியாயமும் ஒரே நிகழ்ச்சியைச் சொல்கின்றன. ஆனால் ஒன்றில் "அவளுக்குள்" என்று பெண்பால் விகுதி வருகிறது, மற்றதில் ஆண்பால் விகுதி. இந்த ஒரு எழுத்து வித்தியாசத்தை வைத்து, சட்டையின் கழுத்துப் பக்கத்தில் ஊதினாரா, கைப்பக்கத்தில் ஊதினாரா என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். கர்ப்பம் எவ்வளவு காலம்? ஒன்பது மாதம் என்றார்கள் சிலர், எட்டு என்றார்கள் சிலர், ஆறு என்றார்கள் சிலர். ஒரே மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது என்றும் ஒரு கருத்து உண்டு. இத்தனையையும் ஒரே உரைக்குள் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு, எனக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது என்று சொல்வது அந்தக் காலத்து முறை. மாற்றுக் கருத்தை அழித்துவிட்டு எழுதவில்லை.

யோசேப்பும் இங்கேதான் பின்கதவால் உள்ளே வருகிறார். பழைய உரைகளில் வரும் கதைப்படி, யூசுப் என்ற தச்சர் மர்யமோடு ஆலயத்தில் பணி செய்தவர். மர்யமின் வயிற்றைப் பார்த்துக் குழம்பிப் போய், நேரே கேட்கக் கூச்சப்பட்டு, "விதை இல்லாமல் பயிர் முளைக்குமா?" என்று சுற்றி வளைத்துக் கேட்கிறார். முதல் பயிரை இறைவன் எந்த விதையில் இருந்து படைத்தான் என்று மர்யம் திருப்பிக் கேட்கிறார். விவசாயம் தெரிந்த ஆட்களுக்கு இந்தப் பதிலின் கூர்மை விளங்கும்.

இன்னும் இரண்டு பேரைச் சொல்லாமல் தாண்ட முடியாது. ஸ்பெயினின் குர்துபாவைச் சேர்ந்த இப்னு ஹஸ்ம் (இறப்பு 1064), மர்யம் ஒரு நபி என்றே வாதிட்டார். வானவர் நேரே வந்து இறைசெய்தி சொன்ன ஒருவரை வேறு என்ன பெயரால் சொல்வது என்பது அவர் கேள்வி. பெரும்பான்மை உலமாக்கள் இதை ஏற்கவில்லை, உண்மையாளர் என்ற பட்டத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் இருநூறு வருசம் கழித்து அதே ஊர்க்காரரான குர்துபீயும் மர்யமை நபி என்றுதான் எழுதினார். பெண் நபி ஆகலாமா என்ற விவாதம் 11ஆம் நூற்றாண்டிலேயே நடந்திருக்கு. மற்றவர் சூபி ஞானி இப்னு அறபி (இறப்பு 1240). தாயிடமிருந்து உண்மையான நீர், வானவரின் ஊதலில் இருந்து கற்பனையான நீர், இரண்டும் சேர்ந்துதான் ஈஸாவின் உடல் உருவானது என்றார் அவர். அதிசயத்தை மறுக்காமலே அதற்கு ஒரு உடற்கூறு விளக்கம் தேடிய ஆள்.

இது வரைக்கும் வீட்டுக்குள் நடந்த விவாதம். 19ஆம் நூற்றாண்டில் வெளியாள் வந்து கதவைத் தட்டினார். அந்த வெளியாளை யாழ்ப்பாணத்துக்கு நல்லாவே தெரியும், அவர்தான் மிசனரி.

1854ஐ ஒருக்கா யோசித்துப் பாருங்கோ. அந்த வருசம் வட இந்தியாவின் ஆக்ராவில் மிசனரி ஃபாண்டருக்கும் ரஹ்மதுல்லாஹ் கைரானவீ என்ற மௌலவிக்கும் வேதங்கள் பற்றிப் பகிரங்க விவாதம் நடந்தது. அதே 1854இல்தான் இங்கே ஆறுமுக நாவலரின் சைவதூஷண பரிகாரம் வெளிவந்தது. நாவலர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிளைத் தமிழாக்க உதவியவர். அந்த அறிவை வைத்தே, உங்கட வேதத்திலும் ஆலயமும் விளக்கும் கிரியையும் இருக்குதானே என்று மிசனரிகளிடம் திருப்பிக் கேட்டார். அலிகார் கல்லூரியை 1875இல் தொடங்கிய சேர் செய்யித் அஹ்மத் கானும் (1817–1898) ஏறக்குறைய இதே காலத்து ஆள். அவரும் பைபிளுக்கு உரை எழுதியவர். இரண்டு பேரும் ஒரே அழுத்தத்துக்கு முகம் கொடுத்தார்கள், ஆனால் போன பாதை வேறு.

குர்ஆனை வைத்தே முஸ்லிம்களை மடக்க மிசனரிகளிடம் ஒரு வாதம் இருந்தது. மற்ற நபிமாருக்கெல்லாம் தகப்பன் இருக்கு, ஈஸாவுக்கு மட்டும் இல்லை என்று உங்கட வேதமே சொல்லுது, அப்ப யார் பெரியவர்? இதற்குப் பழைய பதில் 3ஆம் அத்தியாயத்திலேயே இருந்தது. ஆதமுக்குத் தாயும் இல்லை தகப்பனும் இல்லை, அதற்காக அவரைக் கடவுளின் மகன் என்கிறோமா? பெரும்பாலான உலமாக்களுக்கு இந்தப் பதில் போதும்.

செய்யித் அஹ்மத் கானுக்குப் போதவில்லை. இறைவனின் சொல்லும் (வேதம்) இறைவனின் செயலும் (இயற்கை) ஒன்றோடு ஒன்று முரண்பட முடியாது என்பது அவர் அடிப்படை. 1880 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த தன் தப்ஸீரில், ஈஸா யூசுபுக்கும் மர்யமுக்கும் பிறந்த பிள்ளை என்று எழுதினார். எந்த ஆணும் தொடவில்லை என்று மர்யம் சொன்னது அந்த நேரத்து நிலையைத்தான், பிறகு நடந்ததை அல்ல என்பது அவர் வாசிப்பு. யூத வழக்கப்படி நிச்சயம் செய்தாலே பாதிக் கலியாணம்தான், ஆகவே அதில் குற்றமும் இல்லை என்றார். எதிராளிகள் அவரை "நேச்சரி" என்று நையாண்டி பண்ணினார்கள். அவரது கருத்துகளுக்காக அவரை மதத்துக்கு வெளியே தள்ளும் ஃபத்வாக்களும் வந்தன.

அவர் தனியாள் இல்லை. லாகூரின் மௌலானா முஹம்மத் அலி 1917இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பின் உரையிலும் ஈஸாவுக்குத் தகப்பன் உண்டு என்ற பக்கமே நின்றார். இங்கே ஒரு சுவாரசியம். முஹம்மத் அலி அஹ்மதியா இயக்கத்தின் லாகூர் பிரிவுத் தலைவர். அந்த இயக்கத்தைத் தொடங்கிய மிர்ஸா குலாம் அஹ்மதோ தகப்பன் இல்லாத பிறப்பை ஏற்றவர். காதியான் பிரிவு இன்றைக்கும் அப்படித்தான். பெரும்பான்மை முஸ்லிம்கள் "வெளியாட்கள்" என்று ஒதுக்கிய ஒரு குழுவுக்குள்ளேயே, இந்தக் கேள்வியில் ஒரு பாதி பெரும்பான்மையோடு நிற்கிறது, மற்றப் பாதி எதிராக நிற்கிறது.

எகிப்தில் முஹம்மத் அப்துஹுவும் ரஷீத் ரிழாவும் நடுவழி தேடினார்கள். அவர்களது மனார் தப்ஸீர் அதிசயத்தை மறுக்கவில்லை. ஆனால் எங்களுக்குத் தெரிந்த விதிகள்தான் இயற்கையின் கடைசி விதிகள் என்று யார் சொன்னது என்று கேட்டது. மனதைப் பிடித்தாட்டும் ஒரு நம்பிக்கை உடம்பிலும் மாற்றம் செய்யக்கூடும் என்று விளக்கம் சொல்லிப் பார்த்தது.

மரபுப் பக்கம் வெறும் கோபத்தோடு நிற்கவில்லை, பதில் வாதங்களும் பலமானவை. ஒன்று: குர்ஆன் திரும்பத் திரும்ப "மர்யமின் மகன்" என்கிறது. தகப்பன் பெயரால் ஆளை அடையாளம் சொல்லும் அரபுச் சமூகத்தில் இது சும்மா வராது. இரண்டு: அதே 19ஆம் அத்தியாயத்தில் யஹ்யா (யோவான்) பற்றிச் சொல்லும்போது தாய் தகப்பன் இருவருக்கும் நல்லவர் என்று வருகிறது. கொஞ்சம் தள்ளி ஈஸா பேசும்போது தாய்க்கு நல்லவன் என்று மட்டும் வருகிறது. மூன்று: தகப்பன் இருந்தால் ஊர்ச்சனம் ஏன் பழி சொல்ல வேண்டும்? முஹம்மத் அலி மூன்றாவதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். அந்தக் காட்சி ஈஸா வளர்ந்து பிரசங்கம் செய்த காலத்தது, "தொட்டில் பிள்ளை" என்பது பெரியவர்கள் ஒரு இளைஞனை இளக்காரமாகச் சொன்ன சொல் என்றார். ஆனால் முதல் இரண்டு வாதங்களையும் அவ்வளவு இலேசாகத் தாண்ட முடியாது. நான் வாசித்த அளவில், சொற்களின் போக்கு மரபுப் பக்கம்தான் சாய்கிறது. செய்யித் அஹ்மத் கான் விடையை முதலே முடிவு செய்துவிட்டு வசனத்துக்குப் போனார் என்றே படுகிறது. அதற்காக அவர் கேட்ட கேள்வி செத்துப்போகாது.

இதெல்லாம் எங்களுக்கு எதற்கு?

1990 ஒக்ரோபர் கடைசியில் யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். வடக்கு முழுக்க எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சனம். சிலர் திரும்பி வந்திருக்கினம், பலர் புத்தளத்திலேயே வேரூன்றிவிட்டினம். அதன் பிறகு பிறந்த எங்கட தலைமுறைக்கு, வகுப்பில் பக்கத்து வாங்கில் ஒரு முஸ்லிம் நண்பன் இருப்பது சாதாரண அனுபவம் இல்லை. உயர்தரத்தில் இந்து நாகரிகமும் கிறிஸ்தவ நாகரிகமும் படிக்கிறோம், சோனகத் தெருச் சனம் எதை ஓதுது என்று தெரியாமலே பட்டமும் எடுத்துவிடலாம். அந்த இடைவெளியை வதந்தி நிரப்புது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு, குர்ஆனைத் தொட்டும் பாராத ஆட்கள் "குர்ஆன் இப்படித்தான் சொல்லுது" என்று முகநூலில் எழுதினதைப் பார்த்தோம். அந்தப் பக்கம், ஒரே ஒரு வாசிப்புத்தான் உண்டு, மற்றதெல்லாம் வழிகேடு என்று சொன்ன ஆட்களின் கொலைவெறியையும் பார்த்தோம். இரண்டு தரப்பும் ஒத்துப்போகிற ஒரே விசயம், அந்த நூலுக்கு ஒரு அர்த்தம் மட்டும்தான் என்பது.

மர்யமின் கதைக்கு நடந்த வரலாறு இரண்டு தரப்புக்கும் பதில் சொல்லுது. அல்லாஹ்வின் வார்த்தை என்று ஒரே மனதாக நம்பிய ஆட்களே, ஒரு விகுதிக்காகவும் ஒரு மாதக் கணக்குக்காகவும் நூற்றாண்டுக் கணக்கில் முரண்பட்டு, அந்த முரண்பாட்டை எழுதியும் வைத்திருக்கினம். வெளியே தள்ளுகிற ஃபத்வாவும் அந்த வரலாற்றில்தான் இருக்கு, எல்லாக் கருத்தையும் அடுக்கி வைத்துப் பேசுகிற பெருந்தன்மையும் அதே வரலாற்றில்தான் இருக்கு.

தமிழில் அப்துல் ஹமீது பாகவியின் முழுக் குர்ஆன் மொழிபெயர்ப்பு 1949இலேயே வந்துவிட்டது. வேறு மொழிபெயர்ப்புகளும் இப்ப கையெட்டும் தூரத்தில் இருக்கு. 19ஆம் அத்தியாயத்தை வாசிக்க அரை மணித்தியாலம் போதும். நம்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பேரீச்ச மரத்தடியில் தனியே கிடந்து பிள்ளை பெற்ற ஒரு பெண்ணையும், அவளிடம் ஊர் கேட்ட கேள்வியையும் வாசித்துவிட்டு, அதைப் பற்றி ஒரு முஸ்லிம் நண்பரோடு கதைத்துப் பாருங்கோ. அவர் சொல்கிற விளக்கம் இந்தக் கட்டுரையில் உள்ள எதோடும் ஒத்துப்போகாமலும் இருக்கலாம்.