காய்கறித் தோலில் மருந்து இருக்கிறதா? எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது?

நிலக்கோட்டை வட்டாரத்தில் பீர்க்கு, வாழை, சின்ன வெங்காயம் என்று விளைவித்து சந்தைக்கு அனுப்புகிறோம். வீட்டுக்கு எடுத்துக்கொள்ளும் காயின் தோலைச் சீவி குப்பையிலோ மாட்டுத் தொட்டியிலோ போட்டுவிடுகிறோம். இந்தத் தோல்களில் உடம்புக்கு நல்லதும் உண்டு, கெடுதல் செய்வதும் உண்டு. இரண்டையும் தெரிந்துகொள்வது நல்லது.

உருளைக்கிழங்குத் தோல்

நம் மாவட்டத்தில் கொடைக்கானல் மலையில் விளையும் உருளைக்கிழங்கின் தோல் ஒரு காலத்தில் தீக்காயக் கட்டாகவே பயன்பட்டது. மும்பை வாடியா குழந்தைகள் மருத்துவமனையில் டாக்டர் கேஸ்வானி குழுவினர், வேகவைத்த கிழங்கின் தோலைக் கட்டுத்துணியில் ஒட்டி, கிருமி நீக்கி, காயத்தின் மேல் கட்டினர். இதுபற்றிய முதல் கட்டுரை 1985-ல் வெளியானது. தோல் கட்டு புண்ணைக் காயவிடாமல் ஈரப்பதத்தோடு வைத்ததால் புதுத்தோல் வளர வசதியாக இருந்தது.

ஆனால் அது மருத்துவர் மேற்பார்வையில் நடந்தது. வீட்டில் சீவிய தோலில் மண்ணும் கிருமியும் இருக்கும். அதைப் புண்ணில் வைத்தால் சீழ் பிடிக்கும். தீக்காயம் பட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டி, சுத்தமான துணியால் மூடி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பெரிய காயம் என்றால் உடனே 108-ஐ அழையுங்கள்.

சாப்பிடக்கூடிய தோல்கள்

* பீர்க்கங்காய்த் தோல்: நார்ச்சத்து உள்ளது, மலச்சிக்கலுக்கு நல்லது. பிஞ்சுக் காயின் தோலை உளுந்து, வரமிளகாய், புளியுடன் எண்ணெயில் வதக்கித் துவையல் அரைக்கலாம்.
* வாழைக்காய்த் தோல்: பொடியாக நறுக்கி வேகவைத்துப் பொரியல் செய்யலாம். நார்ச்சத்து, சாப்பாட்டில் உள்ள சர்க்கரை ரத்தத்தில் சட்டென்று ஏறாமல் தடுக்க உதவும். அதற்காகச் சர்க்கரை நோய் மாத்திரையை நிறுத்தக்கூடாது.
* வெங்காயச் சருகு: குவர்செடின் என்ற பொருள் உள்சதையைவிட வெளித்தோலில் அதிகம். வீக்கத்தைக் குறைக்கும் தன்மை ஆய்வகச் சோதனைகளில் தெரிந்துள்ளது. ஆனாலும் இதை நோய்க்கு மருந்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மருந்தடித்த காயின் தோல்

பூச்சிக்கொல்லி முதலில் படிவது தோலில்தான். ஊடுருவும் வகை மருந்து கழுவினாலும் முழுதாகப் போகாது. டப்பாவில் குறிப்பிட்டுள்ள காத்திருப்பு நாட்கள் முடிந்த பிறகே காயைப் பறிக்க வேண்டும். தோலைச் சமைப்பதாக இருந்தால் வீட்டுத் தேவைக்கு நாலு கொடியை மருந்தடிக்காமல் தனியாக விட்டுவைப்பது நல்லது. கடையில் வாங்கிய காயை உப்பு கலந்த தண்ணீரில் 15 நிமிடம் ஊறவைத்து நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

ஒதுக்க வேண்டியவை

* பச்சை நிறமேறிய அல்லது முளைவிட்ட உருளைக்கிழங்கின் தோலில் சோலனின் என்ற நச்சு இருக்கும். வேகவைத்தாலும் போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு வரும்.
* மரவள்ளிக்கிழங்கின் பச்சைத் தோலில் சயனைடு நச்சு உண்டாகும். ஆடு மாடுகளுக்கு அப்படியே போட்டால் மூச்சுத் திணறி இறந்துவிடும்.
* விலை இல்லாத நாளில் கழிவு வெங்காயத்தை மாட்டுக்குக் கொட்டாதீர்கள். அதிகம் தின்றால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து சிறுநீர் சிவப்பாகப் போகும்.

கால்நடைக்கு இந்த அறிகுறி தெரிந்தால் கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாமல், கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 என்ற எண்ணில் பேசுங்கள். உண்ண உதவாத தோல்களை எருக்குழியில் போட்டு மட்க வைத்தால் நிலத்துக்கு நல்ல உரமாகும்.