இறுத்த நீர்: பூனைக்காலி விதையும் காணிக்காரர் சமையல் முறையும்

அகத்தியமலைத் தொடரில் வாழும் காணிக்காரர், முற்றிய பூனைக்காலி விதையை மீண்டும் மீண்டும் வேகவைத்து உண்பர். 1980-களிலிருந்து தாவரவியல் ஆய்வுகளில் இச்செய்தி இடம்பெற்று வருகிறது. அடிக்கடி எடுத்தாளப்படும் குறிப்பு, சுவை கூட்டவே இவ்வாறு வேகவைப்பதாகக் கூறுகிறது. இவ்விளக்கத்தை ஏற்றுக்கொண்ட ஆய்வுமரபு, விதையின் புரதச் செழுமையை முன்வைத்து, ஊறவைத்து வேகவைத்தால் அது பாதுகாப்பான பயறாகிவிடும் என்று பரிந்துரைக்கிறது. இம்முடிவு மறுபரிசீலனைக்கு உரியது.

‘மீண்டும் மீண்டும்’ என்ற சொல்லே இங்கு ஆய்வுக்குரியது. விதை மென்மையாவதற்கு ஒரே நீண்ட கொதி போதும். ஒருமுறை வேகவைத்து நிறுத்தி மறுமுறை தொடங்குவதற்குப் பொருள் வேண்டுமானால், இடையில் நீரை இறுத்துப் புதுநீர் ஊற்றியிருக்க வேண்டும். குறிப்பு இதை விரித்துச் சொல்வதில்லை. ஆயினும் விதையின் வேதியியல் இவ்வாசிப்புக்கே இடம் தருகிறது.

பூனைக்காலி விதையின் நச்சுப்பொருள்கள் இருவகை. டிரிப்சின் தடுப்பான்களும் லெக்டின்களும் புரதங்கள். நன்கு கொதித்தால் செயலிழக்கும். இரண்டாம் வகையான எல்-டோபா அத்தகையதன்று. அது சிறு அமினோ அமிலம். வெப்பத்தால் ஓரளவே குறையும். சூடான நீரில் கரைந்து வெளியேறும். விதையின் எடையில் அது பெரும்பாலும் 4 முதல் 7 விழுக்காடு வரை உள்ளது. 4 விழுக்காடு எனக் கொண்டாலும் 100 கிராம் விதையில் 4 கிராம் இருக்கும். 2004-இல் லண்டனில் பார்க்கின்சன் நோயாளர் எட்டுப் பேரிடம் நடந்த சோதனையில் 30 கிராம் பூனைக்காலித் தூளே மருந்தாகச் செயல்பட்டது. ஒருவேளை உணவின் அளவு அதைவிட மிகுதி. கொதித்த நீரையும் சேர்த்து உண்பவர் நச்சையும் உண்கிறார்.

இதற்குச் சான்று மொசாம்பிக்கில் உண்டு. 1989-இல் நம்பூலா மாகாணத்தில் இவ்விதையை உண்ட இருநூறுக்கும் மேற்பட்டோர் கடும் மனப்பிறழ்வுக்கு ஆளாயினர். நீர்ப்பஞ்சத்தால் வேகவைத்த நீரைக் கொட்டாமல் பயன்படுத்தியதே காரணமாகக் கருதப்பட்டது. விதை அடுப்பேறியும் நஞ்சு நீங்கவில்லை. காணிக்காரர் முறை, ஓடைகள் நிறைந்த மலைச்சரிவில் கைவரும் முறை. நீர் அதன் உட்கூறு.

குற்றாலத்து நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் இதே விதை, மறுதலையான முறைக்கு உட்படுகிறது. மருந்துக்கு அதைப் பாலில் அவித்துத் தோல் நீக்கித் தூளாக்குவர். மருத்துவருக்கு எல்-டோபா வேண்டும். சமைப்பவருக்கு அது வேண்டாம். இந்த மருந்துச் சுத்திகரிப்பு முறையைச் சமையல் முறையாகக் கொள்வது ஆபத்தானது.

இந்நஞ்சைத் தாங்குவதில் கால்நடைகளிடையேயும் வேறுபாடு உண்டு. ஆடு மாடுகளின் அசைபோடும் வயிற்று நுண்ணுயிர்கள் எல்-டோபாவைப் பெரிதும் சிதைப்பதால் அவை ஓரளவு தாங்கும். பச்சை விதையைத் தின்ற கோழிக்கும் பன்றிக்கும் தீவனம் உண்பது குறைந்து வளர்ச்சி தடைப்படுகிறது.

நீரை இறுத்தால் தாதுக்களும் கரையும் புரதமும் போகும் என்ற எதிர்ப்பு பெரிதன்று. நஞ்சோடு கூடிய புரதம் ஊட்டமாகாது. சுவைக்காகவே சமைத்தனர் என்பதை முற்றிலும் மறுக்க இயலாது. முதலில் சமைத்தவரின் எண்ணம் பதிவில் இல்லை. ஆனால் நோக்கம் எதுவாயினும் விளைவு நச்சு நீக்கமே.

பூனைக்காலியை மாற்றுப் புரதமாகப் பரிந்துரைப்போர், புரத அளவோடு கொதிநீரைக் கொட்ட வேண்டும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அவ்வரி இல்லாத பரிந்துரை முழுமையற்றது, பாதுகாப்பற்றதும்கூட.