ஊசி இறங்கும் இடம்: தசை ஊசிப் பாதுகாப்பின் வரலாறு

காய்ச்சலோடு கிளினிக்குக்கு வருகிறவர் மருந்துச் சீட்டு கைக்கு வந்த பிறகும் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கமாட்டார். "ஒரு ஊசி போட்டு விட்ருங்க சார்" என்பார். போடாத டாக்டர் கைராசி இல்லாதவர். திண்டுக்கல்லிலிருந்து திருச்சி செல்லும் சாலையில் வடமதுரை, அய்யலூர், மேற்கே வேடசந்தூர் என்று எங்கே போனாலும் இதுதான் நிலை. மக்கள் ஊசியை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: இடுப்பு ஊசி, கை ஊசி, நரம்பு ஊசி. மருத்துவ நூல்கள் தோலுக்குள், தோலுக்கடியில், தசைக்குள், சிரைக்குள் என்று திசுவை வைத்துப் பிரிக்கின்றன. மக்களோ ஊசி இறங்கும் இடத்தை வைத்துப் பிரிக்கிறார்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேச்சுவழக்கில் 'நரம்பு ஊசி' என்பது சிரையில் போடுவது. உண்மையான நரம்புக்கு ஆபத்து இருப்பது இடுப்பு ஊசியில்தான்.

ஊசியின் பாதுகாப்பு பற்றிய பேச்சு எழுந்தபோதெல்லாம் நம் நாட்டில் முதலில் திருத்தப்பட்டது கருவி. கொதிக்க வைத்த கண்ணாடி போய் பிளாஸ்டிக் வந்தது, பிளாஸ்டிக் போய்த் தானே பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சு வந்தது. ஊசி இறங்கும் இடமும் திருத்தப்பட்டது, ஆனால் அந்தத் திருத்தம் குழந்தைகளுக்கு மட்டும் முழுமையாகக் கிடைத்தது. பெரியவரின் இடுப்பு ஊசி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இருந்த இடத்திலேயே நிற்கிறது. அது ஏன் என்று தேடுவதே இக்கட்டுரை.

எவர்சில்வர் பெட்டியின் காலம்

உட்குழல் கொண்ட ஊசியை டப்ளின் மருத்துவர் பிரான்சிஸ் ரிண்ட் 1844-இல் பயன்படுத்தினார். 1853-இல் எடின்பரோவில் அலெக்சாண்டர் வுட்டும் லியோனில் சார்லஸ் பிரவாஸும் தனித்தனியே சிரிஞ்சை உருவாக்கினார்கள். தொடக்கத்தில் மருந்து தோலுக்கடியில்தான் போனது. தசையை நாட வைத்தவை திசுவை எரிக்கும் மருந்துகளும் அளவில் அதிகமான மருந்துகளும். மலேரியாவுக்குக் கொய்னாவைத் தசையில் ஏற்றினார்கள். சீழ்க்கட்டியும் கால் செயலிழப்பும் கொய்னா ஊசியோடு கூடவே வந்தன.

தசை ஊசியை அன்றாடச் செயலாக்கியது பென்சிலின். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் எழுப்பி, தசையில் போட வேண்டியிருந்தது. பிறகு நாளுக்கு ஒருமுறை போதும் என்ற புரோக்கெயின் பென்சிலினும், மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும் என்ற பென்சதீன் பென்சிலினும் வந்தன. பூனாவுக்கு அருகே பிம்பிரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் 1955-இல் பென்சிலின் உற்பத்தியைத் தொடங்கியது. சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம், வாரம் இருமுறை ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் ஐசோநயாசிட் மாத்திரையும் கண்முன்னே கொடுத்தாலே போதும் என்று 1960-களில் காட்டியது. உலகக் காசநோய் மருத்துவத்தின் போக்கை மாற்றிய ஆய்வு அது. ஊரக நோயாளிக்கு அதன் பொருள் எளியது: மாதக்கணக்கில், வாரம் இரண்டு முறை, இடுப்பில் ஊசி.

இந்த ஊசிகள் கிராமத்துக்கு வந்த வழிகளில் ஒன்று காந்திகிராமம். மருத்துவரான டி. எஸ். சௌந்தரம் இராமச்சந்திரனும் அவர் கணவர் ஜி. இராமச்சந்திரனும் 1947-இல் சின்னாளப்பட்டி அருகே தொடங்கிய நிறுவனம் அது. சௌந்தரம் 1962-இல் திண்டுக்கல் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1959-இல் ஆத்தூர் ஒன்றியத்தில் காந்திகிராமம் தொடங்கிய முன்னோடி சுகாதாரத் திட்டமும், அதிலிருந்து வளர்ந்த ஊரக சுகாதார நிறுவனமும் செவிலியரை வீட்டு வாசலுக்கே அனுப்பும் முறைக்கு நாட்டளவில் எடுத்துக்காட்டாயின. குடும்பநலம்தான் அதன் முதன்மை நோக்கம். ஆனால் வாசலுக்கு வரும் செவிலியரின் பையில் ஊசியும் வரும்.

அந்தக் காலத்து ஊசிப் பெட்டியை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். நீள்சதுர எவர்சில்வர் பெட்டி, அடியில் பம்பு ஸ்டவ், உள்ளே துளையிட்ட தட்டில் கண்ணாடி சிரிஞ்சுகள். குழலிலும் உலக்கையிலும் ஒரே எண் பொறித்திருக்கும். எண் மாறினால் உலக்கை இறுகும், அல்லது மருந்து பின்னால் கசியும். கம்பவுண்டர் இடுக்கியால் எடுத்து எண்ணைப் பார்த்துப் பொருத்துவார். ஊசித் துளை அடைத்துக்கொண்டால் மெல்லிய கம்பியை நுழைத்து எடுப்பார், முனை மழுங்கினால் கல்லில் தீட்டுவார். விதிப்படி இருபது நிமிடமாவது கொதிக்க வேண்டும். வெளியே வரிசை நின்றால் கொதி வந்ததும் இடுக்கி உள்ளே போய்விடும். கூட்டம் இன்னும் அதிகமானால் ஊசி மட்டும் மாறும், சிரிஞ்சு மாறாது. ஊசிமுனை தசையில் இருக்கும்போது பின்னிழுத்துப் பார்க்கிற வழக்கத்தால் முந்தைய நோயாளியின் இரத்தம் குழலுக்குள் வர வாய்ப்புண்டு என்று அன்று யார் நினைத்தார்கள்?

காலை முடக்கிய ஊசி

தசை ஊசியின் முதல் பெரிய எச்சரிக்கை இரத்தத்திலிருந்து வரவில்லை, கால்களிலிருந்து வந்தது. 1950-இல் மெல்போர்னில் பெர்ட்ராம் மெக்லாஸ்கி, தடுப்பூசி போட்ட கையிலோ காலிலோதான் சில குழந்தைகளுக்குப் போலியோ வாதம் தாக்குகிறது என்பதைப் பதிவு செய்தார். அதே ஆண்டில் பிரிட்டனில் பிராட்ஃபோர்டு ஹில்லும் நோல்டனும் புள்ளிவிவர முறையில் அதை உறுதிப்படுத்தினார்கள். உடலில் போலியோ கிருமி ஏற்கெனவே புகுந்திருக்கும் குழந்தைக்குத் தசையில் ஊசி போட்டால், காயம்பட்ட தசையிலிருந்து நரம்பு வழியே கிருமி தண்டுவடத்துக்கு ஏறுகிறது. இதன் வழிமுறையை 1998-இல் க்ரோமையரும் விம்மரும் எலிகளில் காட்டினார்கள். ருமேனியாவில் சொட்டு மருந்துக்குப் பின் வாதம் வந்த குழந்தைகளை ஆராய்ந்த 1995-ஆம் ஆண்டு ஆய்வும் அடுத்தடுத்துப் போட்ட தசை ஊசிகளையே சுட்டியது.

மேலை நாடுகளில் இது தடுப்பூசி பற்றிய கேள்வியாக எழுந்தது. நம் பக்கத்தில் அது வெறும் காய்ச்சல் ஊசி பற்றிய கேள்வி. எச். வி. வயட், புதுச்சேரி ஜிப்மரின் மகாதேவன், சீனிவாசன் ஆகிய மூவரும் 1992-இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே 'தேவையற்ற ஊசிகள்' என்ற சொல் இருக்கிறது. போலியோவின் தொடக்கம் சாதாரணக் காய்ச்சல் போலத்தான் இருக்கும். தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள், இடுப்பில் ஊசி விழும், இரண்டு நாளில் கால் தொங்கும். "ஊசி போட்டதுல கால் போயிருச்சு" என்று தாய்மார் சொன்னதை அறியாமை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. பாதி உண்மை அந்தத் தாய்மாரிடம் இருந்தது.

மீதிப் பாதி வேறொரு பாதிப்பு. பிட்டத்தின் ஆழத்தில், இடுப்பெலும்பின் பின்பக்கப் பள்ளம் வழியே வெளிப்பட்டு, உட்காரும் எலும்பின் முண்டுக்கும் தொடையெலும்பின் முண்டுக்கும் நடுவே கீழிறங்குகிறது சியாட்டிக் நரம்பு. ஊசியோ மருந்தோ அதைத் தொட்டால் பெரும்பாலும் பாதத்தைத் தூக்கும் பகுதிதான் முதலில் கெடும். குழந்தை பாதத்தை இழுத்து நடக்கும். 1997-இல் இந்தியாவில் தேசிய போலியோ கண்காணிப்புத் திட்டம் தொடங்கியபோது, திடீர்த் தளர்வாதம் வந்த ஒவ்வொரு குழந்தையையும் பரிசோதித்தார்கள். போலியோவோடு குழப்பிக்கொள்ளக் கூடாத நோய்களின் வரிசையில் ஊசியால் வந்த நரம்புக் காயமும் இடம்பெற்றது. நாட்டின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரி 13-இல் ஹவுராவில் பதிவானார். போலியோ போனது. ஊசியால் வரும் நரம்புக் காயம் போகவில்லை.

பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சு

இரத்தம் பற்றிய அச்சம் சென்னையிலிருந்தே வந்தது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். அதன்பின் ஊசி போட்டுக்கொள்ள வந்தவர்களே புதிய சிரிஞ்சு கேட்கத் தொடங்கினார்கள். 'டிஸ்போஸபிள்' என்ற சொல் 'டிஸ்போ' ஆகி மருந்துக்கடை வரை வந்துவிட்டது. அந்தப் பிளாஸ்டிக் சிரிஞ்சின் தொடக்கத்தை நியூசிலாந்தில் தேட வேண்டும். அதை 1956-இல் உருவாக்கிய காலின் மர்டாக் மருந்தாளர், கால்நடை மருத்துவரும் கூட. மந்தையில் ஒரு விலங்கிலிருந்து இன்னொன்றுக்கு நோய் பரவாமல் தடுப்பூசி போட வழி தேடியவர். ஆட்டுச் சந்தைக்குப் பெயர் பெற்ற அய்யலூர்க்காரருக்கு இந்தச் செய்தி பிடிக்கும்.

ஒருமுறை பயன்படுத்து என்று உறையில் அச்சிட்டால் மட்டும் போதவில்லை. இந்தியக் கிளினிக்கல் தொற்றியல் வலையமைப்பு 2000-களின் தொடக்கத்தில் நாடு முழுவதும் நடத்திய ஆய்வு, போடப்பட்ட ஊசிகளில் ஏறத்தாழ 63 விழுக்காடு ஏதோ ஒரு வகையில் பாதுகாப்பற்றவை என்றது. பெரும்பாலானவை தடுப்பூசிகள் அல்ல, நோய்க்குப் போட்டவை. 2009-இல் குஜராத்தின் மொடாசாவில் மறுபடி பயன்படுத்திய சிரிஞ்சுகளால் மஞ்சள் காமாலை பி பரவிப் பலர் இறந்தார்கள்.

உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 1999-இல் விடுத்த கூட்டறிக்கை, 2003 முடிவுக்குள் எல்லாத் தடுப்பூசிகளுக்கும் தானே பூட்டிக்கொள்ளும் ஏ.டி. (ஆட்டோ டிஸேபிள்) சிரிஞ்சு வேண்டும் என்றது. இந்தியத் தடுப்பூசித் திட்டத்தில் அது 2005-ஐ ஒட்டி வந்தது. அரை மில்லி அளவு, 25 மில்லிமீட்டர் நீள ஊசி, கழற்ற முடியாதபடி பொருத்தியது. உலக்கையை ஒருமுறை தள்ளிவிட்டால் பூட்டிக்கொள்ளும், பின்னால் வராது. செவிலியர்களுக்கு இதில் ஒரு சங்கடம் இருந்தது. பழைய பழக்கப்படி முதலில் காற்றை இழுத்து, அதைக் குப்பிக்குள் தள்ளி, பிறகு மருந்தை எடுப்பார்கள். ஏ.டி. சிரிஞ்சில் அப்படிச் செய்தால் காற்றைத் தள்ளும்போதே பூட்டிக்கொள்ளும், சிரிஞ்சு வீண். பின்னிழுத்து இரத்தம் வருகிறதா என்று பார்க்கும் பழக்கத்தையும் விட வேண்டியதாயிற்று. இருபது ஆண்டுக் கைப்பழக்கத்தை ஒரு பிளாஸ்டிக் கொக்கி மாற்றியது. எத்தனை பயிற்சி வகுப்பு நடத்தினாலும் இது நடந்திருக்காது என்பது என் கருத்து. போட்ட பின் ஊசியை மூடாமல் வெட்டும் கருவியில் வைத்து அழுத்த வேண்டும். 'டக்' என்று முனை உள்ளே விழும். கூர்ப்பொருளுக்குத் துளைபடாத வெள்ளைப் பெட்டி என்பது மருத்துவக் கழிவு விதிகளின்படி இன்று கட்டாயம்.

தொடைக்கு வந்த குழந்தை, இடுப்பிலேயே நின்ற பெரியவர்

ஒருகாலத்தில் முத்தடுப்பூசி குழந்தையின் பிட்டத்தில் போடப்பட்டது. சியாட்டிக் நரம்பு மட்டுமே காரணமாக அது கைவிடப்படவில்லை. மஞ்சள் காமாலை பி தடுப்பூசியைப் பிட்டத்தில் போட்டவர்களுக்கு எதிர்ப்பாற்றல் குறைவாக வருவது 1980-களில் தெரிந்தது: அங்கே கொழுப்பு அதிகம், ஊசி தசையை எட்டுவதில்லை. வெறிநாய்க்கடி ஊசியிலும் இதே பாடம். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று நம் வீடுகளில் பயமுறுத்தக் கேட்ட செம்பிள் தடுப்பூசி 2004-இன் முடிவோடு இந்தியாவில் நின்றது. அதற்குப் பதில் வந்த புதிய ஊசியைத் தசையில் போடுவதானால் பெரியவருக்கு மேற்கையில்தான், பிட்டத்தில் கூடாது. 2011 டிசம்பரில் தமிழ்நாடும் கேரளமும் நாட்டிலேயே முதலில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலண்ட் ஊசியைத் தொடங்கியபோது கேள்வியே எழவில்லை: ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில், இடது தொடையின் நடுப்பகுதியில், முன்பக்க வெளி ஓரத்தில். புதன்கிழமை துணை சுகாதார நிலையத்தில் தாயின் மடியில் இருக்கும் குழந்தைக்கு எந்தக் கிராம சுகாதாரச் செவிலியரும் இன்று வேறு இடத்தைத் தேடமாட்டார்.

பெரியவருக்கும் மாற்று இடம் உண்டு. 1950-களில் ஸ்விட்சர்லாந்து உடற்கூறியலாளர் ஃபான் ஹோக்ஸ்டெட்டர் இடுப்பின் பக்கவாட்டில் ஓர் இடத்தைக் காட்டினார். உள்ளங்கையைத் தொடையெலும்பு முண்டின் மேல் வைத்து, ஆள்காட்டி விரலை இடுப்பெலும்பின் முன்முனையில் ஊன்றி, நடுவிரலை எலும்பு விளிம்பை ஒட்டி விரித்தால் இரு விரலுக்கு நடுவே முக்கோணம் கிடைக்கும். அங்கே பெரிய நரம்பும் இல்லை, பெரிய இரத்தக் குழாயும் இல்லை. செவிலியர் பாடநூல்களில் இது இருக்கிறது. கிளினிக்கில் இல்லை.

காரணத்தைத் தேட வெகுதூரம் போக வேண்டாம். நோயாளி நின்றுகொண்டிருக்கிறார். வேட்டியையோ பாவாடை நாடாவையோ நாலு விரல் அளவு தளர்த்துகிறார். ஊசி போடுகிறவருக்குத் தெரிவது அந்த நாலு விரல்தான். 'மேல் வெளிக் கால்பகுதி' என்று புத்தகம் சொல்வது இடுப்பெலும்பு விளிம்பிலிருந்து தொடங்கும் பரப்பு. சதை உருண்டிருக்கும் இடத்தை மட்டும் நான்காகப் பிரித்தால் ஊசி நரம்பை நோக்கி இறங்கிவிடும். நின்றபடி எடையை ஊன்றிய காலில் தசை இறுகியும் இருக்கும். வலி ஊசி என்று போடும் டைக்லோஃபெனாக்குக்கு ஆழமான தசைதான் வேண்டும், மூன்று மில்லி. அது கொழுப்பிலோ இரத்தக் குழாயிலோ போனால் தோல் கருத்துப் புண்ணாகும். 1920-களில் பிஸ்மத் ஊசியில் கண்டறிந்த அதே கேடு.

குழந்தைக்கு இடம் மாறியதற்கும் பெரியவருக்கு மாறாததற்கும் வேறுபாடு அறிவில் இல்லை. தடுப்பூசிக்கு அட்டை உண்டு, நாள் உண்டு, மேற்பார்வை உண்டு, தவறினால் கேள்வி உண்டு. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசிக்குப் பின் நான்கு குழந்தைகள் இறந்தபோது மாநிலம் முழுவதும் தடுப்பூசி போடும் ஏற்பாடே மாற்றப்பட்டது. காய்ச்சல் ஊசியால் கால் இழுத்த பெரியவருக்காக எதுவும் மாற்றப்பட்டதில்லை. அவரது ஊசி எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. 2017-இல் அரசு தொடங்கிய 'அந்தரா' கருத்தடை ஊசியோடு ஒப்பிட்டால் இது விளங்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தசையில் போடுவது, ஆனால் அட்டையோடு வருகிறது. அதனால் போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது என்பதுகூடப் பெண்களுக்குச் சொல்லப்படுகிறது. மற்ற ஊசிக்கு நம் ஊரில் முதல் வேலையே பஞ்சை வைத்துத் தேய்த்து விடுவதுதான்.

காய்ச்சலுக்கு மாத்திரை போதும் என்று டாக்டர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஊசிதான் வேண்டும் என்றால் உறையை உங்கள் கண்முன் கிழிக்கச் சொல்லுங்கள். இடுப்பில் என்றால் நின்றபடி போட்டுக்கொள்ளாமல் படுக்க ஒரு பெஞ்சு கேளுங்கள்.