டீரெசோ: ஜெயித்துக்கொண்டே மூழ்கிய கிளப்

கால்பந்து என்றால் நம் வீடுகளில் ஆண்கள் ஆட்டம்தான் ஞாபகத்துக்கு வரும். பெண்கள் கால்பந்து, அதுவும் ஸ்வீடனில் என்றால் "நமக்கு எதுக்குப்பா அது?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இது பாதி விளையாட்டுக் கதை, பாதி கணக்குக் கதை. பி.காம். படித்துவிட்டு இருபது வருஷமாக வங்கியில் மற்றவர்களின் பேலன்ஸ் ஷீட்டைப் புரட்டும் எனக்கு இரண்டாவது பாதிதான் தூக்கத்தைக் கெடுத்தது.

ஸ்டாக்ஹோம் நகருக்குத் தென்கிழக்கே டீரெசோ என்று ஒரு புறநகர். மக்கள்தொகை ஐம்பதாயிரத்துக்கும் குறைவு. அங்கே 1971-ல் தொடங்கியது டீரெசோ எஃப்.எஃப். என்கிற கிளப். ஸ்வீடனில் கிளப் என்றால் முதலாளியின் சொத்து இல்லை, உறுப்பினர்களின் சங்கம். நம்ம ஊர் கூட்டுறவு சங்கம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் விளையாட வருவார்கள், பெற்றோர் சந்தா கட்டுவார்கள், வார இறுதியில் ஆளுக்கொரு வேலையாக இழுத்துப் போட்டுச் செய்வார்கள்.

பெண்கள் கால்பந்தில் ஸ்வீடன் பழைய கை. ஓக்ஸபெக் என்கிற சின்ன கிராமத்தில் 1966-லேயே பெண்கள் அணி கிளம்பிவிட்டது. 1973-ல் அதிகாரபூர்வ தேசியப் பட்டம் வந்தது. 1988-ல் டாமல்ஸ்வென்ஸ்கான் என்ற தேசிய லீக் வந்தது. வடக்கே குளிர் பிரதேசத்தில் இருக்கும் உமேயோ கிளப் 2003, 2004 என இரண்டு முறை ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியது. பிரேசில் நாட்டு மார்த்தா 18 வயதில் வந்து சேர்ந்தது அந்த உமேயோவில்தான். பெரிய ஆண்கள் கிளப்பின் நிழல் இல்லாமலே இதெல்லாம் நடந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

டீரெசோ பெண்கள் அணி 2010-ல் மேல்மட்ட லீக்குக்குத் திரும்பி வந்தது. வந்த கையோடு பெரிதாக ஆசைப்பட்டது. காலமும் கூடி வந்தது. அமெரிக்காவில் 2009-ல் தொடங்கிய பெண்கள் தொழில்முறை லீக் மூன்றே சீசனில் மூச்சு வாங்கி, 2012-ல் இழுத்து மூடப்பட்டது. உலகத்தரமான வீராங்கனைகள் வேலை தேடி நின்றார்கள். அப்போதே ஐந்து முறை உலகின் சிறந்த வீராங்கனை விருது வாங்கியிருந்த மார்த்தா 2012-ல் டீரெசோவில் கையெழுத்துப் போட்டார். ஸ்பெயினின் வெரோனிகா போக்கேட்டே, ஸ்வீடனின் கரோலின் சேகர், பிறகு அமெரிக்காவின் கிறிஸ்டன் பிரஸ் எல்லாரும் ஒரே புறநகர் மைதானத்தில்!

பலன் உடனே கிடைத்தது. 2012-ல் கிளப் வரலாற்றிலேயே முதல் லீக் பட்டம். 2013-ல் இரண்டாம் இடம். 23 கோல்களோடு பிரஸ் லீக்கிலேயே முதலிடம். அடுத்து சாம்பியன்ஸ் லீக். கலந்துகொண்ட முதல் முறையே பாரிஸ் அணியைக் கழற்றிவிட்டு, அரையிறுதியில் பர்மிங்காமையும் தாண்டி இறுதிப் போட்டிக்கே போய்விட்டார்கள்.

2014 மே 22, லிஸ்பன். எதிரே நடப்பு சாம்பியன் வோல்ஃப்ஸ்பர்க். இடைவேளையில் டீரெசோ 2-0 முன்னிலை. இடைவேளை முடிந்ததும் 2-2. மார்த்தா தன் இரண்டாவது கோலைப் போட்டு 3-2 ஆக்கினார். அதுவும் நிலைக்கவில்லை. 3-3 ஆகி, 80-ஆவது நிமிடத்தில் மார்ட்டினா முல்லர் அடித்த கோலில் 4-3 என்று வோல்ஃப்ஸ்பர்க் ஜெயித்தது.

கண்ணீர் விட வேண்டிய இடம் அதுவல்ல. இரண்டே வாரத்தில், ஜூன் மாதத் தொடக்கத்தில், பணமில்லாமல் டீரெசோ லீக்கிலிருந்தே விலகிக்கொண்டது. அந்த சீசனில் ஆடிய ஆட்டங்கள் எல்லாம் செல்லாது என்று அழிக்கப்பட்டன. 12 அணி லீக் 11 அணியோடு நடந்து முடிந்தது. அணியை நடத்திய கம்பெனி திவால். ஐரோப்பாவின் இரண்டாவது சிறந்த அணி, காகிதத்தில் காணாமல் போனது.

எப்படி? கணக்குப்பதிவியல் முதல் பாடத்திலேயே 'நிறுவனத் தொடர்ச்சி' என்று ஓர் அனுமானம் வரும். இந்த நிறுவனம் நாளையும் நடக்கும் என்று நம்பித்தான் ஐந்தொகையே போடுகிறோம். டீரெசோவில் அந்த நம்பிக்கைக்கு அடியில் ஒன்றுமில்லை. அந்நாளில் ஸ்வீடன் பெண்கள் லீக் ஆட்டத்துக்கு ஆயிரம் பேர் வந்தாலே நல்ல கூட்டம். டிக்கெட் காசு சம்பளத்துக்குக் காணாது. மீதியை விளம்பரதாரர்தான் தர வேண்டும். சம்பளம் மாதம் தவறாமல் வரும் செலவு, ஸ்பான்சர் பணமோ வந்தால்தான் வரவு. செலவு நிச்சயம், வரவு நம்பிக்கை. இந்தக் கோலத்தில் வரும் கடன் விண்ணப்பங்களை நானும் பார்த்திருக்கிறேன். விற்பனை ஏறிக்கொண்டே போகும், கல்லா மட்டும் காலியாக இருக்கும்.

இதைப் படித்துவிட்டு "பொம்பளைங்க ஆட்டத்துல என்ன காசு வரும்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எதிரணியைப் பாருங்கள். வோல்ஃப்ஸ்பர்க் கிளப்பின் உரிமையாளர் ஃபோக்ஸ்வாகன் கார் கம்பெனி. ஸ்வீடனில் 1999 முதல் உள்ள விதிப்படி, கிளப் கம்பெனி ஆரம்பிக்கலாம், ஆனால் பெரும்பான்மை ஓட்டு உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும். ஆக, பெரிய முதலாளி வந்து விலைக்கு வாங்கிக் காப்பாற்றவும் வழியில்லை. ஆட்டம் சமமாக இருந்தது, முதுகுக்குப் பின்னால் இருந்த சுவர்தான் சமமில்லை. 2020-லும் இதே மாதிரி, லீக் பட்டம் வென்ற கையோடு கோதென்பர்க் அணி மூடப்போவதாக அறிவித்தது. ஆண்கள் கிளப்பான ஹெக்கன் ஏற்றுக்கொண்டதால் பிழைத்தது.

மார்த்தாவை நினைத்தால் ஆச்சரியம். அமெரிக்காவில் ஆடிய இரண்டு கிளப்கள் மூடின, பிறகு லீக்கே மூடியது, அப்புறம் டீரெசோ. கம்பெனி மூடியதும் ஊர் மாறும் நம்ம ஆட்கள் போல, பெட்டியைக் கட்டிக்கொண்டு மால்மோவின் ரோசெங்கோர்டுக்குப் போனார். 2017-ல் ஒர்லாண்டோ. 2024-ல், 38 வயதில், ஒர்லாண்டோவின் கேப்டனாக அமெரிக்க லீக் பட்டத்தை வென்றார்.

டீரெசோ? திவாலானது கம்பெனி, சங்கம் இல்லை. பெண்கள் அணி கீழ்மட்டப் பிரிவுகளிலிருந்து மறுபடி தொடங்கியது. நட்சத்திரங்கள் போனார்கள், சந்தா கட்டும் பெற்றோர் போகவில்லை. வெளியூரில் தமிழ்ச் சங்கம், பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு, விளையாட்டுக் குழு என்று நாமும் நடத்துகிறோம் இல்லையா? பெரிய விழாவுக்கு ஸ்பான்சர் பிடியுங்கள், தப்பில்லை. வாரா வாரம் நடக்கும் வகுப்பை மட்டும் அந்தப் பணத்தை நம்பி வைக்காதீர்கள். அது சந்தாவிலேயே நடக்கட்டும்.