வயிற்றுக்குள் எட்டிப் பார்த்த கதை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் 'கேஸ் டிரபிள்', 'அல்சர்' என்ற இரண்டு வார்த்தையும் வராமல் பேச்சு முடியாது. சோடா குடித்தால் சரியாகும் என்பார் ஒருவர். சீரகத் தண்ணீர் என்பார் இன்னொருவர். மெடிக்கலில் ஒரு மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுவோரும் உண்டு. பெரும்பாலும் அது சாதாரணத் தொல்லைதான். ஆனால் எப்போதாவது அந்தப் பெயருக்குப் பின்னால் இரைப்பைப் புற்றுக்கட்டி ஒளிந்திருக்கும். அதை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க மருத்துவ உலகம் பட்ட பாடு பெரிய கதை. இன்று அதைச் சொல்கிறேன்.

முதலில் வந்தது கண்டுபிடிப்பு அல்ல, கத்தி. 1881 ஜனவரி 29 அன்று வியன்னாவில் தியோடர் பில்ரோத் என்ற அறுவை மருத்துவர், 43 வயதுப் பெண்ணின் இரைப்பையில் கட்டி இருந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மீதியைச் சிறுகுடலோடு சேர்த்துத் தைத்தார். அந்த அம்மாள் பிழைத்து எழுந்து சாப்பிட்டார். உலகமே வியந்தது. ஆனால் சுமார் நான்கு மாதத்தில் நோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. வெட்டத் தெரிந்துவிட்டது, ஆனால் வெட்டும் நேரத்துக்குள் நோய் பரவிவிட்டிருந்தது. சீக்கிரம் பார்க்க வழி வேண்டும் என்பது அப்போதே புரிந்தது.

பார்ப்பதுதான் கஷ்டம். 1868லேயே ஜெர்மனியில் குஸ்மால் என்ற மருத்துவர், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் தொண்டை வழியாக நேரான உலோகக் குழாயை இறக்கிப் பார்த்தார். வித்தைக்காரர் தாங்கினார், சரி. நம்மைப் போன்றவர்கள் தாங்க முடியுமா? பிறகு எக்ஸ்ரே வந்தது. பேரியம் மாவைக் கரைத்துக் குடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள். பெரிய கட்டி தெரிந்தது. சிறியது தப்பித்துவிட்டது.

இந்த இடத்தில் நம் நாட்டுக்காரர் ஒருவர் வருகிறார். பஞ்சாபில் மோகா என்ற ஊரில் 1926ல் பிறந்தவர் நரிந்தர் சிங் கபானி. லண்டன் சென்று ஹாப்கின்ஸ் என்ற பேராசிரியரோடு சேர்ந்து, மெல்லிய கண்ணாடி இழைகளைக் கட்டாகச் சேர்த்தால், அந்தக் கட்டை வளைத்தாலும் மறுமுனையில் படம் தெரியும் என்று காட்டினார். 1954ல் அந்தக் கட்டுரை வெளியானது. அதைப் படித்த ஹிர்ஷோவிட்ஸ் என்ற மருத்துவர், அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சகாக்களோடு சேர்ந்து, வளையும் எண்டோஸ்கோப்பை உருவாக்கினார். 1957ல் அதை முதலில் இறக்கியது தன் தொண்டையில்தான்! இன்று மருத்துவமனைகளில் பத்து நிமிடத்தில் முடிகிற எண்டோஸ்கோப்பி அந்த வழியில் வந்தது.

ஜப்பானில் இரைப்பைப் புற்றுநோய் அன்று பெரிய எமன். அங்கே 1950லேயே வயிற்றுக்குள் இறக்கும் குட்டிக் கேமராவைச் செய்துவிட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று படம் எடுக்கும்போது தெரியாது. அறையை இருட்டாக்கி, கேமராவின் விளக்கு வெளிச்சம் வயிற்றுத் தோல் வழியாக மங்கலாகத் தெரிவதை வைத்து அது நிற்கும் இடத்தைக் கணித்தார்கள். ஃபிலிமைக் கழுவிய பிறகே விவரம் தெரியும். எக்ஸ்ரே வண்டிகளை ஊர் ஊராக அனுப்பினார்கள். 1962ல் 'ஆரம்ப நிலை' எது என்று விதி வகுத்தார்கள்.

அந்த விதி சுலபமானது. வீட்டுச் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். மேற்பூச்சிலும் அதற்கு அடுத்த படலத்திலும் நோய் நின்றால் ஆரம்ப நிலை. செங்கல்லுக்குள், அதாவது தசைக்குள், புகுந்துவிட்டால் முற்றத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஆரம்ப நிலையில் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஐந்து ஆண்டுகள் தாண்டி வாழ்ந்ததை ஜப்பானியர்கள் கண்டார்கள். மேற்பூச்சோடு நிற்கும் சிறு கட்டிக்கு இப்போது வயிற்றைக் கிழிக்கவும் வேண்டாம். எண்டோஸ்கோப் வழியாகவே கட்டிக்கு அடியில் திரவத்தை ஊசியால் செலுத்தி, அதை மேலே உப்பவைத்து, நுண்ணிய கத்தியால் ஒரே துண்டாகச் சீவி எடுக்கிறார்கள். இரைப்பை முழுசாக நமக்கே மிஞ்சும்.

நம் பக்கம் என்ன நடந்தது? தங்கையை 1923ல் மலக்குடல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, விடாமல் பாடுபட்டு 1954 ஜூன் 18 அன்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் திறக்கவைத்தார். தொடக்கத்தில் 12 படுக்கைகள்தான். அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955ல் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் வயிறு, குடல் அறுவை சிகிச்சையைத் தனித்துறையாக வளர்த்த டாக்டர் ரங்கபாஷ்யத்தையும் மறக்கக்கூடாது.

1982ல் சென்னையிலும் பெங்களூரிலும் புற்றுநோய்ப் பதிவேடுகள் தொடங்கின. சென்னைப் பதிவேட்டில் ஆண்களிடம் முதலிடத்தில் நின்றது இரைப்பைப் புற்றுநோய்தான். பெங்களூரிலும் அது முன்வரிசையில் இருந்தது. சாமல்பட்டிக்காரர்களான நாம் பெரிய வைத்தியத்துக்கு ரயிலேறுவது இந்த இரண்டு ஊருக்கும்தானே? ஆகவே இது ஜப்பான்காரன் நோய் என்று ஒதுக்கிவிட முடியாது.

காரணங்களிலும் ஒன்று துலங்கியது. இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியை ஆஸ்திரேலியாவின் வாரனும் மார்ஷலும் கண்டுபிடித்தார்கள். யாரும் நம்பாததால் மார்ஷல் 1984ல் அந்தக் கிருமியைக் குடித்தே காட்டினார்! 2005ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. புண்ணுக்கும் புற்றுக்கும் வழிவிடும் அந்தக் கிருமியை இரண்டு வார மாத்திரைகளில் ஒழிக்கலாம். புகையிலையும் அதிக உப்பும் இந்த நோய்க்குத் துணைபோகின்றன.

ஆனால் இத்தனை வசதி வந்தும் நம் நாட்டில் பெரும்பாலோர் நோய் முற்றிய பிறகே வருகிறார்கள். ஆரம்பக் கட்டி வலிக்காது. வலித்தாலும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை அதை அடக்கிவிடும். சில சமயம் புற்றுப்புண்ணே ஆறியதுபோலத் தோன்றும். நாமும் குணமாகிவிட்டது என்று இருந்துவிடுகிறோம்.

ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக அஜீரணம் வந்தால், நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், ரத்தசோகை என்று சொன்னால், மலம் தார்போலக் கறுத்தால், விழுங்கச் சிரமப்பட்டால் எண்டோஸ்கோப்பி பார்த்துவிடுங்கள். சந்தேகமான இடத்தில் கடுகளவு சதை எடுத்துச் சோதிப்பார்கள். பெற்றோர், உடன்பிறந்தோர் யாருக்காவது இந்த நோய் இருந்திருந்தால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

இதைப் படித்து முடித்ததும் வீட்டு மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். வயிற்று மாத்திரை ஏதாவது இருந்தால், டாக்டர் எழுதிக் கொடுத்து எத்தனை மாதம் ஆயிற்று என்று கணக்குப் போடுங்கள். டாக்டரே எழுதிக் கொடுக்காத மாத்திரை என்றால், நாளைக் காலையிலேயே கிளம்புங்கள்.