குருதியை நிறுத்தும் கலை: அஸ்ஸஹ்ராவியின் விரலும் ஃபோலியின் பலூனும்

துறையூரை அடுத்த உப்பிலியபுரம் போன்ற ஊர்களில், திருச்சி சென்று புராஸ்டேட் சுரப்பிக்கு அறுவை செய்துகொண்ட முதியவர் எவரேனும் இருப்பார். அறுவைக்குப் பின் அவருக்குப் பொருத்தப்பட்ட ரப்பர் குழாயை மூத்திரக் குழாய் என்றே அனைவரும் அறிவர். அக்குழாயின் முனையிலுள்ள சிறு பலூன் குருதியை நிறுத்துவதற்கென்று உருவானது என்பதைப் பலர் அறியார். அமெரிக்காவின் செயின்ட் பால் நகர மருத்துவர் ஃபிரெடரிக் ஃபோலி 1937இல் வெளியிட்ட கட்டுரையில் அதற்கு இட்ட பெயரே ‘குருதி நிறுத்தும் பைக்குழாய்’ என்பதுதான்.

புராஸ்டேட் இருக்குமிடம் ஆழமானது. அங்கே கசியும் நாளங்களை ஒவ்வொன்றாகத் தேடி நூலால் கட்டுவது அரிது. எனவே பலூனைச் சிறுநீர்ப்பைக்குள் நீரால் நிரப்பி, குழாயை மெல்ல இழுத்துப் பிடிப்பர். பையின் கழுத்துப் பகுதி அழுந்திக் குருதி அடங்கும். குழாயின் நடுவழியே சிறுநீரும் வடியும்.

அழுத்திப் பிடித்தல் என்னும் இம்முறையை அந்தலூசியாவின் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி (மறைவு கி.பி. 1013 அளவில்) தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் முப்பதாம் பகுதியில் தெளிவாக எழுதியுள்ளார். தமனி அறுபட்டால் உடனே சுட்டுவிரலை அதன் வாயில் வைத்து அழுத்த வேண்டும். சூட்டுக்கோல்கள் நெருப்பில் பழுக்கும்வரை விரலை எடுக்கலாகாது. சூடிடுதல், அரைகுறையாக அறுந்த தமனியை முழுதும் துண்டித்தல், நூலால் இறுகக் கட்டுதல், மருந்து வைத்து இறுக்கிக் கட்டுதல் என நான்கு வழிகளை அவர் கூறுகிறார்.

நம்மவர் சிலர் நாளத்தை நூலால் கட்டும் முறையை அவரே கண்டுபிடித்தார் என எழுதிவிடுகின்றனர். இது மிகை. கிரேக்க, ரோம மருத்துவர்கள் அதனை முன்பே அறிந்திருந்தனர். அவருடைய பெருமைக்கு இத்தகைய மிகை தேவையுமில்லை. அந்நூலின் முகவுரையில் அவர் தாம் கண்ட இரு மரணங்களைப் பதிவு செய்கிறார். உடற்கூறு அறியாத மருத்துவன் ஒருவன் ஒரு பெண்ணின் கழுத்துக் கட்டியை அறுக்கப்போய்த் தமனிகளை வெட்டிவிட்டான். குருதி பெருகி அவள் அவன் முன்னிலையிலேயே இறந்தாள். மற்றொருவன் முதியவர் ஒருவரின் சிறுநீர்ப்பையிலிருந்து பெரிய கல்லை எடுக்கையில் பையின் ஒரு துண்டும் கூடவே வந்துவிட்டது. மூன்று நாள் அளவில் அவர் மரித்தார். கருவிகளை வரைந்து காட்டுமுன் இவற்றை மாணவர் படிக்கவேண்டும் என்று அவர் கருதியிருக்கிறார்.

‘அல்கைய்’ என்று அவர் அழைத்த சூடிடுதலும் மறையவில்லை. இன்று சிறுநீர்வழியே செலுத்தும் கருவியின் முனையில் மின்கம்பி வளையம் ஒன்று உள்ளது. அது புராஸ்டேட்டைச் சீவியெடுத்து, கசியும் நாளத்தையும் சுட்டு அடைக்கிறது. அதன் பின்னும் பலூன் குழாயைப் பொருத்தி, உப்புநீர் ஓடவிட்டு, வடியும் நீர் தெளியும்வரை காத்திருக்கின்றனர்.