அணுக்கரு நிலைகளின் ஆயுள் அளவீடு (இந்தியாவில்)

கிளர்ந்த அணுக்கரு ஒன்று காமாக் கதிரை உமிழ்ந்து தணியும் வரை எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்று கண்டறியும் துறை இது. பல நிலைகளின் ஆயுள் சில பிக்கோ நொடிகள்தான். ஒரு பிக்கோ நொடியில் ஒளி 0.3 மில்லிமீட்டர் மட்டுமே செல்லும். இந்த ஆயுள் தெரிந்தால் கரு உருண்டையா நீண்டதா, ஓரிரு துகள்கள் மட்டும் அசைகின்றனவா, எல்லாம் கூடி அசைகின்றனவா என்று சொல்லிவிடலாம். அதனால்தான் இத்தனை பாடு.

அடிப்படை உத்தி பழையது. புருனோ ரோசி 1930இல் அமைத்த ஒருங்குநிகழ்வுச் சுற்றிலிருந்து அது வளர்ந்தது. நிலையை நிரப்பும் கதிர் கடிகாரத்தைத் தொடங்கும். நிலையிலிருந்து வெளியேறும் கதிர் நிறுத்தும். 1948இல் ராபர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் கொண்டுவந்த, காமாக் கதிர் பட்டால் ஒளிரும் சோடியம் அயோடைடு படிகம் ஆய்வகங்கள்தோறும் பரவியது. ஆனால் அதன் ஒளி மங்க சுமார் 230 நானோ நொடி ஆகும். இந்தியாவில் விசாகப்பட்டினத்தின் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் சுவாமி ஞானானந்தா 1950களில் அணு இயற்பியல் துறையைக் கட்டியெழுப்பியது இந்தக் காலத்தில்தான். பின்னர் கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் இதே நேரக் கருவிகளைப் பொருளறிவியலுக்குத் திருப்பியது. ஹாஃப்னியம்-181 சிதைந்து உருவாகும் டான்டலம்-181இல், 10.8 நானோ நொடி அரை ஆயுளுள்ள நிலையைக் கொண்டு உலோகங்களின் உட்புறத்தை அங்கே ஆராய்கிறார்கள்.

கருவியின் நேர அகலத்தைவிடக் குறைந்த ஆயுளை அளக்க முடியுமா? முடியும் என்று 1950இல் சோல்டான் பாய் காட்டினார். பதிவான நேர வேறுபாடுகளின் பரவலைக் காட்டும் வளைவின் வடிவத்தில் ஆயுள் தெரியாவிட்டாலும், அதன் மையம் சராசரி ஆயுளின் அளவுக்கு நகர்ந்திருக்கும். அகலம் 200 பிக்கோ நொடியாக இருந்தாலும் 10,000 நிகழ்வுகள் சேர்ந்தால் மையத்தின் புள்ளியியல் பிழை ஒரு பிக்கோ நொடிக்குள் அடங்கிவிடும்.

கணக்கில் இப்படி. மேசையில் வேறு. கதிர்மூலத்தை ஒரு டிடெக்டர் பக்கமாக 3 மில்லிமீட்டர் நகர்த்தினால், எதிரெதிரே உள்ள இரண்டுக்கும் இடையே 20 பிக்கோ நொடி வேறுபாடு வந்துவிடும். குறைந்த ஆற்றல் துடிப்பும் உயர்ந்த ஆற்றல் துடிப்பும் சுற்றில் ஒரே தாமதத்தோடு பதிவாவதுமில்லை. துல்லியத்தின் உண்மையான எதிரி இந்த ஆற்றல்சார் நகர்வே.

படிகங்கள் மாறின. பேரியம் ஃபுளோரைடு ஒரு நானோ நொடிக்கும் குறைவான வேக ஒளியைத் தந்தது. ஆனால் அருகருகே உள்ள ஆற்றல்களைப் பிரித்துக் காட்டவில்லை. 1980களின் இறுதியில் ஹென்ரிக் மாக்கும் மாரெக் மோஷின்ஸ்கியும் அதனோடு ஜெர்மேனியம் டிடெக்டரைச் சேர்த்தார்கள்: கதிரை அடையாளம் காண்பது ஜெர்மேனியம், நேரம் சொல்வது வேகப் படிகம். 2001இல் நெதர்லாந்தின் டெல்ஃப்டிலிருந்து வந்த சீரியம் கலந்த லாந்தனம் புரோமைடு இரண்டிலும் சிறந்தது. 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஆற்றல் பிரிதிறன் சுமார் 3 சதவீதம்.

கொல்கத்தாவின் மாறும் ஆற்றல் சைக்ளோட்ரான் மையம் சீரியம் புரோமைடைத் தேர்ந்தது. பிரிதிறனில் சற்றுக் குறைவு, சுமார் 4 சதவீதம். ஆனால் லாந்தனம்-138இன் இயற்கைக் கதிரியக்கம் இதில் இல்லை. அரிதாக உருவாகும் கருவின் சில நூறு நிகழ்வுகளைத் தேடுபவருக்கு அது பெரிய ஆறுதல். சரியான தேர்வு என்றே சொல்ல வேண்டும். இந்தப் படிகங்களால் ஆன 'வென்ச்சர்' என்ற டிடெக்டர் அணியைப் பற்றிய கட்டுரை 2017இல் வெளியானது. குளோவர் வகை ஜெர்மேனியம் டிடெக்டர்கள் கொண்ட 'வீனஸ்' அணி அதற்குத் துணை.

ஆற்றல்சார் நகர்வைச் சமாளிக்கும் வழியை ஜெர்மனியின் கொலோன் குழு 2010 வாக்கில் செம்மைப்படுத்தியது. தொடக்கக் கதிரையும் நிறுத்தக் கதிரையும் இடம் மாற்றி இருமுறை வளைவு எடுக்க வேண்டும். ஆயுள் ஒன்றை வலப்பக்கமும் மற்றதை இடப்பக்கமும் தள்ளும். இரு மையங்களின் வித்தியாசத்திலிருந்து கருவியின் சொந்த வித்தியாசத்தைக் கழித்தால் மிஞ்சுவது ஆயுளின் இரு மடங்கு. அந்தச் சொந்த வித்தியாசத்தை யூரோப்பியம்-152 மூலத்தின் நன்கறிந்த கதிர்களைக் கொண்டு ஆற்றல்வாரியாக வரைந்து வைத்துக்கொள்கிறார்கள். சுமார் 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே அந்த வளைகோடு செங்குத்தாக வளைவதால் அங்கே பிழை பெருகும். ஆற்றல் நிறமாலையில் கதிரின் முகட்டுக்கு அடியில் கிடக்கும் காம்ப்டன் பின்னணிக்கும் தனக்கென ஒரு நேரம் உண்டு. அதையும் தனியே அளந்து கழிக்காமல் எந்த ஆயுளும் வெளியிடத் தகுந்ததாகாது.